இழுத்தால் நீளும், விட்டால் நகராது: ஒரு சிறு படகின் கயிறுகளை மாற்றிய கதை

நாங்கள் கவிழ்ந்தது பெருங்காற்றில் அல்ல. நடுத்தரக் காற்று, அவ்வப்போது ஒரு வீச்சு, அவ்வளவுதான். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, பெரிய பாயை முழுக்க வெளியே விட்டு, சுகமாகப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு வீச்சு வந்தது. படகு சாய்ந்தது. பாயின் அடியில் கிடையாக நீண்டிருக்கும் பூமின் நுனி தண்ணீரைத் தொட்டது.

நுனி தண்ணீரில் மாட்டிக்கொண்டால் பூம் அதற்கு மேல் வெளியே போகாது. தண்ணீரே அதைப் பிடித்து உள்ளே தள்ளும். உடனே செய்ய வேண்டியது கிக்கரைத் தளர்த்துவது. பூமைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும் கப்பிக் கட்டுதான் கிக்கர். அதை விட்டால் பூம் மேலே எழும்பும், நுனி தண்ணீரிலிருந்து விடுபடும், பாயின் மேல்பகுதி திறந்து காற்று வழிந்துபோகும்.

"கிக்கரை விடு!"

"விட்டுட்டேன் அண்ணே, போகமாட்டேங்குது!"

தம்பி சொன்னது உண்மை. கயிற்றை, அதைக் கவ்வி வைக்கும் பூட்டிலிருந்து எடுத்துவிட்டான். ஆனால் கயிறு கப்பிகளுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. அடுத்த நொடி இருவரும் தண்ணீரில்.

படகை நிமிர்த்திக் கரைக்கு வரும்போது அவன் ஒரு கேள்வி கேட்டான். "எதிர்க்காற்றில் போகும்போது இதே கிக்கரை எவ்வளவு இழுத்தாலும் பூம் மேலே போய்க்கொண்டே இருக்கிறதே, இப்போது மட்டும் ஏன் எழும்ப மறுத்தது?" இழுத்தால் நீளும், விட்டால் நகராது. ஒரே கப்பிக் கட்டில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு குறைகள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய், கடைசியில் படகின் எல்லாக் கயிறுகளையும் மாற்றினேன். முதல் தடவை தப்பாக, இரண்டாம் தடவை ஓரளவு சரியாக.

படகும் பழைய கயிறுகளும்

படகு 4.2 மீட்டர் நீளம், இரண்டு பேர் ஓட்டுவது. ஒரு பெரிய பாய், ஒரு முன்பாய். கை மாறி வந்த படகு. முன்பு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் தேய்ந்த கயிற்றுக்குப் பதில் கையில் கிடைத்ததைக் கோத்திருந்தார்கள். பெரும்பாலும் பாலியெஸ்டர் பின்னல், எல்லாமே ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டவை. சுக்கானை இறக்கும் கயிறு மட்டும் நைலான் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கிக்கரில் இரண்டு கயிறுகள் வேலை செய்தன. மேலே, பூமில் தொங்கும் கப்பி வழியாக ஒரு குட்டைக் கயிறு: 5 மி.மீ. பாலியெஸ்டர். அதன் ஒரு முனை பாய்மரத்தின் அடியில் கட்டப்பட்டிருக்கும். மறுமுனையில் இன்னொரு கப்பிக் கட்டு தொங்கும். அந்தக் கீழ்க்கட்டில் ஓடுவது வால்கயிறு, நாம் கையால் பிடித்து இழுப்பது. குட்டைக் கயிறு இழுவையை 2 மடங்காக்கும், கீழ்க்கட்டு 4 மடங்காக்கும், மொத்தம் 8 மடங்கு. கையில் 25 கிலோ இழுத்தால், உராய்வை மறந்துவிட்டால், பூமில் 200 கிலோ.

வால்கயிறு 8 மி.மீ. தடிமன். கைக்கு இதமாக இருக்கட்டும் என்று யாரோ நல்ல எண்ணத்தில் போட்டது. கப்பியின் பக்கத் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன்: அதிகபட்சம் 6 என்று பொறித்திருந்தது. அதாவது அந்தக் கயிறு உருளையின் பள்ளத்தில் உட்காரவே இல்லை. இரண்டு பக்கத் தகடுகளையும் உரசிக்கொண்டு, அடைத்துக்கொண்டு நின்றது. உப்பு ஏறி விறைத்த பழைய கயிறு என்றால் கேட்கவே வேண்டாம்.

முதல் வைத்தியம்

இங்கே நிதானமாக யோசித்திருக்கலாம். நான் நேரே கடைக்குப் போனேன். கயிறு சுருள்களின் மேல் ஒட்டியிருக்கும் அறுபடும் சுமை எண்களைப் பார்த்ததும் மனம் மயங்கிவிட்டது. டைனீமா என்ற பெயரில் பலரும் அறிந்த உயர்திறன் பாலிஎத்திலீன் இழை, உறையில்லாத வெறும் பின்னலாக, 3 மி.மீ. தடிமனிலேயே ஒரு டன் அளவுக்குத் தாங்கும். 5 மி.மீ. சாதாரண பாலியெஸ்டர் பின்னல் தாங்குவதோ அரை டன் அளவுதான். மெல்லியது, இலகுவானது, தண்ணீரில் மிதப்பது, நீர் குடிக்காதது, நீளாதது. இதைவிட வேறென்ன வேண்டும்? கிக்கரின் இரண்டு கயிறுகளுக்கும், பாயின் அடிவிளிம்பை இழுக்கும் அவுட்ஹாலுக்கும், முன்விளிம்பை இறுக்கும் கன்னிங்ஹாமுக்கும் எல்லாவற்றுக்கும் 3 மி.மீ. வாங்கிவந்து கோத்துவிட்டேன். விற்றவர் கயிறு திரிக்கவில்லை; அவர் சொன்ன எண்கள் எல்லாம் உண்மை. நான்தான் தப்பான கேள்வியைக் கேட்டிருந்தேன்.

அடுத்த முறை கடலில் இறங்கியதும் கப்பிகளில் கயிறு வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆகா என்று இருந்தது. பத்து நிமிடத்தில் அந்த ஆகா போய்விட்டது. கிக்கரை இழுத்துப் பூட்டினால், பூட்டிலிருந்து மெதுவாக, பாம்பு நழுவுவது போலக் கயிறு நழுவியது. கேம் கிளீட் என்பது ஸ்பிரிங் வைத்த இரண்டு பல்துண்டுகள் எதிரெதிராகத் திரும்பிக் கயிற்றைக் கவ்வும் பூட்டு. அந்தப் பற்கள் கவ்வ ஒரு தடிமனும் ஒரு சொரசொரப்பும் வேண்டும். என் கயிற்றில் இரண்டுமே இல்லை. பற்களின் நடுப்பகுதி வேறு பல வருட உபயோகத்தில் மழுங்கியிருந்தது.

கை இன்னொரு கதை. ஈரக் கையில் 3 மி.மீ. கயிற்றை 25 கிலோ விசையில் இழுத்துப் பாருங்கள், தெரியும். தம்பி இரண்டு சுற்று உள்ளங்கையில் சுற்றி இழுக்கப் பார்த்தான். அது விரலை எடுத்துவிடக்கூடிய பழக்கம் என்று தடுத்தேன்.

எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது முடிச்சு. கயிற்றின் நுனியில் இறுகாத வளையம் போடும் போலைன் முடிச்சு ஒவ்வொன்றிலும், கிளம்பும்போது வால் 8 செ.மீ. விட்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கிக்கர் முடிச்சில் 2 செ.மீ. மிச்சம். இன்னும் அரை மணி நேரம் ஓட்டியிருந்தால் முடிச்சே அவிழ்ந்திருக்கும். இந்த இழை அவ்வளவு வழவழப்பானது. கப்பியில் அதை ஓட வைத்த அதே குணம் முடிச்சில் அதை நழுவ வைக்கிறது. நழுவாமல் பிடிக்கிற முடிச்சு போட்டாலும், அந்த வளைவில் கயிற்றின் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். பாலியெஸ்டரில் போலைன் போட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போகும், அவ்வளவுதான்.

மொத்தத்தில், தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. பலம் என்ற ஒன்றை மட்டும் பார்த்தேன். ஆனால் எனக்கு இருந்த பிரச்சினை பலக்குறைவே இல்லை. அந்தப் படகில் எந்தக் கயிறும் அறுந்ததில்லை.

தண்ணீர் டிரம்மும் தராசும்

இரண்டாம் முறை கடைக்குப் போகுமுன் அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன். கருவிகள் பெரிதாக ஒன்றுமில்லை: 20 லிட்டர் டிரம் இரண்டு, ஒரு அளவு நாடா, பெட்டி தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு. 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ, கணக்கு சுலபம்.

முதலில் நீட்சி. கயிற்றை உயரமான ஒரு குழாயில் கட்டித் தொங்கவிட்டு, 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளம் வைத்து, 40 கிலோவைத் தொங்கவிட்டேன். பழைய 5 மி.மீ. பாலியெஸ்டர் 3 செ.மீ. நீண்டது. புது 3 மி.மீ. டைனீமா முதல் தடவை 1 செ.மீ. நீண்டு திகைக்க வைத்தது. சுமையை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் 3 மி.மீ. மட்டும். முதலில் கண்டது இழையின் நீட்சி இல்லை, பின்னல் தன் இடத்தில் இறுகி உட்கார்ந்தது. புதிதாக வாங்கிய வெறும் பின்னலைப் படகில் கோக்குமுன் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டி நன்றாக இழுத்துவிட வேண்டும் என்பது இப்படித்தான் புரிந்தது.

பிறகு உராய்வு. கிக்கரின் கீழ்க்கட்டைத் தனியாகக் கழற்றித் தொங்கவிட்டு, 20 கிலோவைத் தூக்க வாலில் எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது என்று தராசில் பார்த்தேன். 4 மடங்கு கட்டு, ஆகவே 5 கிலோ போதும் என்பது காகிதக் கணக்கு. 8 மி.மீ. கயிற்றோடு தராசு 9 கிலோ காட்டியது. 5 மி.மீ. கயிறு கோத்துப் பார்த்தபோது 6. கப்பி ஒன்றுதான், மாறியது கயிறு மட்டும். இறக்கும்போது இன்னும் வேடிக்கை: 8 மி.மீ. கயிற்றை விட்டுவிட்டு ஒரு டிரம்மில் பாதித் தண்ணீரோடு பார்த்தேன். டிரம் அந்தரத்தில் நின்றது. கையால் கயிற்றை ஊட்டிக் கொடுத்தால்தான் இறங்கியது. நாங்கள் கவிழ்ந்த காரணம் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது.

கிக்கரின் கணக்கு

விட்டால் நகராததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. இழுத்தால் நீள்வதற்கு?

எதிர்க்காற்றில், வீச்சு வரும்போது, பாயின் பின்விளிம்பு பூமின் நுனியை மேல்நோக்கி இழுக்கிறது. எங்கள் அளவுப் பாயில் அது 35 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிக்கர் பூமில் கட்டப்பட்டிருக்கும் இடம் பாய்மரத்திலிருந்து 70 செ.மீ.; பூமின் நீளம் 2.7 மீட்டர். நெம்புகோல் கணக்கில் நுனியின் 35 கிலோ, கிக்கர் இருக்கும் இடத்தில் கிட்டத்தட்ட 4 மடங்கு. கிக்கர் நேர்க்குத்தாக இல்லாமல் 45 பாகை சரிவாக இருப்பதால் இன்னும் 1.4 மடங்கு. ஆக 200 கிலோவுக்கு வந்துவிடுகிறது.

இதில் பாதி, 100 கிலோ, குட்டைக் கயிற்றில். வால்கயிற்றில் 25 தான். அரை டன் தாங்கும் 5 மி.மீ. பாலியெஸ்டருக்கு 100 கிலோ என்பது ஐந்தில் ஒரு பங்கு. அந்தச் சுமையில் அது 4 சதவீதம் அளவுக்கு நீளும். 1.2 மீட்டர் கயிற்றில் 48 மி.மீ. இரண்டு மடங்குக் கட்டு ஆகையால் பூமில் அது 24 மி.மீ. ஆகத் தெரியும். சரிவையும் நெம்புகோலையும் திருப்பிப் போட்டால் பூமின் நுனியில் 13 செ.மீ.!

வால்கயிறும் நீளும்தான். ஆனால் அதில் சுமை நாலில் ஒரு பங்கு. அதன் நீட்சி 8 மடங்கு கட்டின் வழியாகப் போய் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கித்தான் பூமைச் சேரும். 5 மி.மீ. பாலியெஸ்டர் 3 மீட்டர் போட்டாலும் நுனியில் 2 செ.மீ. சொச்சம்தான் வரும்.

எனவே ஒவ்வொரு வீச்சிலும் பூம் எழும்பிய சாணுக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில், பெரும்பங்கு யாரும் கண்டுகொள்ளாத அந்த 1.2 மீட்டர் குட்டைக் கயிற்றால் வந்தது. நான் வாலை இழுத்து இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். கோளாறு கை போகாத மேல்முனையில் இருந்தது.

இந்தக் கணக்கு போட்ட பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கிக்கருக்கு என்ன கயிறு என்று கேட்பதே தவறு. அங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. மேல்முனையில் சுமை அதிகம், ஓட்டம் குறைவு, கை படுவதில்லை, பூட்டும் இல்லை: அங்கே மெல்லிய, நீளாத, வழவழப்பான வெறும் பின்னல் பொருந்தும். கீழ்முனையில் சுமை குறைவு, ஓட்டம் அதிகம், கையும் பூட்டும் இரண்டும் உண்டு: அங்கே கவ்வக்கூடிய, பிடிக்கக்கூடிய கயிறு. முதலில் ஒரே பழைய பாலியெஸ்டரை இரண்டிலும் போட்டிருந்தார்கள். பிறகு நான் ஒரே டைனீமாவை இரண்டிலும் போட்டேன். தவறு ஒன்றுதான், கயிற்றின் விலைதான் வேறு.

பூட்டிலிருந்து பின்னோக்கி

இரண்டாம் முறை தேர்வை நேர் எதிர்த்திசையில் ஆரம்பித்தேன். முதலில் பூட்டு: அது எந்தத் தடிமனுக்கானது? அடுத்து கை: எவ்வளவு நேரம் பிடித்திருக்கும், இழுத்துவிட்டு விட்டுவிடுமா? அப்புறம் கப்பி: உருளையின் அகலம், விட்டம். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பலம். சிறு படகில் பூட்டுக்கும் கைக்கும் தோதான தடிமன் வந்துவிட்டால், பலம் தேவைக்கு மேல் தானாகவே வந்துவிடுகிறது. அறுபடும் சுமையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேலை வாங்காதே என்பது வழக்கமான கணக்கு; எங்கள் படகில் எந்தக் கயிறும் அந்த எல்லையைத் தாண்டவில்லை.

கிக்கர் குட்டைக் கயிறு: 3 மி.மீ. டைனீமா வெறும் பின்னல். முன்பு வாங்கி ஏமாந்த சுருளிலிருந்தே வெட்டினேன், இந்தத் தடவை முடிச்சு இல்லாமல். வால்கயிறு: 5 மி.மீ., உள்ளே டைனீமா, மேலே சொரசொரப்பான பாலியெஸ்டர் உறை. சுமைக் கணக்குப்படி வாலுக்கு வெறும் பாலியெஸ்டரே போதும். உறை உள்ளதைத் தேர்ந்தெடுத்தது, கப்பிகளுக்குள் ஓடும் பகுதியில் உறையை உரித்து மெல்லியதாக்கலாம் என்பதற்காக. அந்தச் சாமர்த்தியத்தால் நான் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன். பூட்டின் மழுங்கிய பல்துண்டுகளையும் மாற்றினேன். புதுப் பல்லுக்குப் பழைய கயிறு கூடப் பிடித்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பாயைக் கையில் வைத்து ஆட்டும் மெயின் ஷீட்டுக்கு, பழைய தமிழில் தாமான் கயிறு, நியாயமே வேறு. அதைப் பூட்டி வைப்பதில்லை; மணிக்கணக்கில் கையிலேயே இருக்கிறது, நொடிக்கொரு தரம் இழுக்கிறோம், விடுகிறோம். சற்று நீண்டால்தான் என்ன? கை உடனே சரிசெய்துவிடும். இங்கே நீளாத இழைக்குக் காசு கொடுப்பது வீண் என்பது என் கருத்து. பந்தயக்காரர்கள் சண்டைக்கு வரலாம். எனக்கு வேண்டியது தடிமன், மென்மை, முறுக்கிக்கொள்ளாமை, தண்ணீர் குடிக்காமை. 8 மி.மீ. மென்பின்னல் ஒன்று எடுத்தேன். ஒரு வாளியில் ஊறவைத்து எடுத்து உதறிப் பார்த்ததில் மற்ற மாதிரிகளைவிட இலகுவாக இருந்ததால் அது. நீளத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது: பூம் படகின் பக்கவாட்டுக்கு நேராக முழுக்க வெளியே போன பிறகும் வாலில் ஒரு மீட்டர் மிஞ்ச வேண்டும், நுனியில் எட்டு வடிவ முடிச்சு ஒன்று வேண்டும்.

முன்பாயின் கயிறுகளுக்கும் இதே நியாயம், 7 மி.மீ.

பாயை ஏற்றும் ஹேலியார்டு இதற்கு நேர் எதிர். ஏற்றிப் பூட்டிவிட்டால் கரைக்கு வரும்வரை அதை யாரும் தொடுவதில்லை. அது நீண்டால் பாய் கீழே தொய்ந்து முன்விளிம்பில் சுருக்கம் விழும். ஆகவே டைனீமா உள்பின்னல், 5 மி.மீ. இந்த இழை விடாத சுமையில் மெல்ல மெல்ல நிரந்தரமாக நீளும், அதை ஊர்வு என்பார்கள். பெரிய படகுகளில் பாய்மரத்தைத் தாங்கி மாதக்கணக்கில் இறுகிக் கிடக்கும் கயிறுகளுக்கு அது தலைவலி. மாலையில் பாயை இறக்கிவிடும் எங்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

வெக்ட்ரான், அராமிட் என்று வேறு இழைகளையும் காட்டினார்கள். வெக்ட்ரானில் ஊர்வு கிட்டத்தட்ட கிடையாது, ஆனால் வெயில் ஆகாது. 1965-ல் டூபான்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த கெவ்லர் வகை அராமிடுக்குச் சூடு தாங்கும் திறன் அபாரம். ஆனால் சிறு உருளையில் திரும்பத் திரும்ப வளைந்தால் உள்ளுக்குள் முறியும். அதற்குக் கயிற்றின் விட்டத்தைப் போல் 20 மடங்கு உருளை கேட்பார்கள். டைனீமாவுக்கு 8 மடங்கு போதும். 3 மி.மீ. கயிற்றுக்கு 24 மி.மீ. உருளை, எங்கள் கப்பிகளில் அது இருந்தது. அராமிட் உருளைகளை மாட்டினால் படகே தேர் மாதிரி ஆகிவிடும்.

அவுட்ஹாலும் கன்னிங்ஹாமும் கிக்கரின் சிறு பிரதிகள்: உள்முனை 3 மி.மீ. வெறும் பின்னல், கைமுனை 5 மி.மீ. உறையுள்ளது. கன்னிங்ஹாம் என்ற பெயரைக் கேட்டு ஏதோ ஊர் என்று தம்பி நினைத்திருந்தான். அது ஒரு மனிதர்: 1958-ல் கொலம்பியா படகை ஓட்டி, அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் பந்தயக் கோப்பையைக் காத்த பிரிக்ஸ் கன்னிங்ஹாம்.

சுக்கான் கயிறு

நைலான் கதை இங்கே. சுக்கானின் அலகு தரை தட்டினால் பின்னால் மடங்கி எழும்பும்படி இருக்கும். ஆழத்துக்கு வந்ததும் ஒரு கயிற்றால் கீழே இழுத்துப் பூட்டுவோம். வேகம் எடுத்தால் படகு கையில் கனக்கும், சுக்கான்பிடி இழுத்துக்கொண்டே இருக்கும். பாயில் கோளாறு என்று ஒரு வருடமாகப் பாயையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கயிற்றைக் கழற்றித் தொங்கவிட்டபோதுதான் தெரிந்தது, அது ரப்பர் மாதிரி நீண்டது. நைலானின் குணமே அதுதான். நங்கூரக் கயிறுக்கு அது வரம்: அலை குலுக்கும் ஒவ்வொரு வெட்டையும் நீண்டு வாங்கிக்கொள்ளும். சுக்கானில் அதுவே சாபம். தண்ணீரின் அழுத்தம் அலகைப் பின்னோக்கித் தள்ளத் தள்ள, கயிறு நீண்டு இடம் கொடுக்கிறது. அலகு நேர்க்குத்தாக நிற்காமல் பின்னால் சரிகிறது. சரிந்தால் அழுத்தத்தின் மையம் அச்சிலிருந்து பின்னால் தள்ளிப்போய், பிடி கனக்கிறது. இந்த நெம்பில் கயிறு கட்டியிருக்கும் இடம் அச்சுக்கு மிக அருகே. அலகின் நுனியோ தூரத்தில். கயிற்றில் சில மில்லிமீட்டர் விட்டால் நுனியில் பல சென்டிமீட்டர்.

3 மி.மீ. டைனீமாவால் அதை மாற்றினேன். ஆனால் நீளாத கயிற்றோடு தரை தட்டினால் ஏதாவது ஒன்று உடைய வேண்டும்: அலகு, அல்லது படகின் பின்பலகை. ஆகவே குறிப்பிட்ட விசை வந்தால் தானாகத் திறந்துகொள்ளும் பூட்டு ஒன்றைச் சேர்த்தேன். முழுப் படகிலும் கையில் உடனே வித்தியாசம் தெரிந்தது இந்த ஒரு மீட்டர் கயிற்றில்தான்.

கோத்தது, சொதப்பியது

டைனீமாவில் முடிச்சு வேண்டாம் என்றால் ஸ்ப்ளைஸ்தான். பார்க்கப் பெரிய வித்தை போல் இருக்கும். வெறும் பின்னலில் இதைவிடச் சுலபமான வேலை இல்லை. கயிற்றின் நுனியைத் திருப்பி, அதே கயிற்றின் வயிற்றுக்குள் புகுத்திவிடுவது. சுமை ஏற ஏற வெளிப்பின்னல் இறுகி உள்ளே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும், சிறுவர்கள் விரலில் மாட்டி விளையாடும் ஓலைப்பொறி போல. புகுத்தும் நீளம் விட்டத்தைப் போல் 72 மடங்கு வேண்டும் என்பது கணக்கு: 3 மி.மீ.க்கு 22 செ.மீ. அளவு. உள்ளே போகும் நுனியின் இழைகளைப் படிப்படியாக வெட்டிக் கூராக்க வேண்டும், இல்லாவிட்டால் அது முடியும் இடத்தில் திடீர் மேடு ஒன்று விழுந்து அங்கேதான் அறும். சுமை இல்லாதபோது நழுவாமலிருக்க நாலு தையல் போட்டுவிட்டேன். நன்றாகச் செய்தால் பத்தில் ஒன்பது பங்கு பலம் மிஞ்சும்.

வெட்டுவதற்கு நல்ல கூரான பிளேடு வேண்டும். மழுங்கிய கத்தரிக்கோல் இந்த இழையை மென்று துப்புமே தவிர வெட்டாது. பாலியெஸ்டர் உறையின் நுனியைச் சூட்டுக் கத்தியால் உருக்கி ஒட்டலாம். டைனீமா 150 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும், சூட்டில் அதன் பலமும் போய்விடும். நூல் சுற்றிக் கட்டுவதே நல்லது.

சரி, உறை உரித்த கதை. வால்கயிற்றில் கை பிடிக்கும் பகுதியிலும் பூட்டில் உட்காரும் பகுதியிலும் உறை இருக்க வேண்டும். கப்பிகளுக்குள் ஓடும் பகுதியில் வேண்டாம். கிக்கரை முழுக்க இறுக்கி, பூட்டுக்குச் சற்று உள்ளே அடையாளம் வைத்து, அதற்கப்பால் உறையை உரித்தேன். உறையின் முனையை உள்பின்னலுக்குள் செருகித் தைத்தேன். தைக்காவிட்டால் உறை, பாவாடை இறங்குவது போலச் சரிந்து மூட்டையாகும். பார்க்க அழகாக வந்தது.

கடலில் கிக்கரைத் தளர்த்தியபோது அழகு கலைந்தது. தளர்த்தினால் கயிறு உள்ளே போகும். உறையுள்ள தடித்த பகுதியும் உள்ளே போகும். உறை முடியும் அந்தத் தைத்த மேடு நேராக முதல் கப்பிக்குள் போய் மாட்டிக்கொண்டது. கவிழ்த்த அதே குறையை என் கையாலேயே, அழகாகத் தைத்து, மறுபடி உண்டாக்கியிருந்தேன். நல்லவேளை, காற்று அன்று லேசாக இருந்தது.

உறை முடியும் இடத்தைத் தீர்மானிப்பது ஒரு அளவு அல்ல, இரண்டு. முழுக்க இறுக்கிய நிலையில் உறை எங்கே இருக்கும், முழுக்கத் தளர்த்திய நிலையில் எங்கே இருக்கும். எல்லாத் தளர்விலும் மேடு கப்பிக்கு வெளியே நிற்க வேண்டும். எல்லா இறுக்கத்திலும் பூட்டு உறையின் மேல் உட்கார வேண்டும். எங்கள் கிக்கரில் பூட்டுக்கும் முதல் கப்பிக்கும் இடையே இருந்தது ஒரு முழம். கயிற்றின் ஓட்டமோ ஒன்றரை மீட்டர். இரண்டு நிபந்தனையும் சேர்ந்து நிறைவேறவே முடியாது. உரிக்கும் யோசனையைக் கைவிட்டு, முழுக்க உறையுள்ள 5 மி.மீ. கயிற்றையே புதிதாகக் கோத்தேன். தராசில் பார்த்த அந்த 6 கிலோ அதற்குத்தான். அது போதும்.

நிறத்தைச் சொல்ல மறந்தேன். முன்பு எல்லாம் சாம்பல் நிறம். அவுட்ஹாலை விடச் சொன்னால் தம்பி ஹேலியார்டை விட்டு, பாய் முழுக்கத் தலையில் வந்து விழுந்த நாளும் உண்டு. இப்போது கிக்கர் சிவப்பு, அவுட்ஹால் நீலம், கன்னிங்ஹாம் பச்சை, ஹேலியார்டு வெள்ளை. "சிவப்பை விடு" என்று கத்தினால் யோசிக்க ஒன்றுமில்லை. இழைகளின் குணத்தை ஆராய்ந்து செலவழித்த வாரங்களைவிட இந்த நிறங்கள்தான் அவனுக்குப் பெரிய முன்னேற்றமாகத் தெரிகின்றன.

ஒரு பருவம் கழித்து

பூமின் நுனி அதற்குப் பிறகும் இரண்டு தடவை தண்ணீரைத் தொட்டது. இரண்டு தடவையும் சிவப்பை விட்டதும் கயிறு சர்ரென்று ஓடியது, பூம் எழும்பியது. எதிர்க்காற்றில் பூம் அசைவது இன்னும் கொஞ்சம் இருக்கிறது, இரண்டு மூன்று விரற்கடை. அதில் பாதி பூமே வளைவது என்று நினைக்கிறேன்.

தேய்மானம் நான் எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை. குட்டை டைனீமாக் கயிற்றின் மேல்பரப்பு பஞ்சு மாதிரி நுரைத்திருக்கிறது. பார்க்கப் பயமாக இருந்தாலும் அது மேலிழைகள் மட்டும், உள்ளே கெட்டியாக இருக்கிறது. வால்கயிறு வேறு: நாங்கள் எப்போதும் ஏறத்தாழ ஒரே இறுக்கத்தில் பூட்டுவதால், புதுப் பற்கள் உறையை ஒரே இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, கடித்து இழை பிய்த்திருக்கின்றன. உள்பின்னல் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது.

கயிற்றை முனை மாற்றிக் கோத்திருக்கிறேன். கடிபட்ட இடம் இப்போது பூட்டுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறது. அந்தப் பழைய 8 மி.மீ. கயிற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கரையில் படகின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்ட அதைவிட நல்ல கயிறு இல்லை: தடிமனானது, முடிச்சு நழுவாதது, கட்டினால் நகராதது.